ஆண் அத்திக்குப் பூட்டு

பெலாயிதுக்கு அத்திப்பழம் என்றால் உயிர். அவனுக்கு வாய்த்ததோ ஐந்து ஆண் அத்தி மரங்கள். ஆண் அத்தியின் காயை மனிதன் தின்ன மாட்டான். பிய்த்துப் பார்த்தால் உள்ளே பஞ்சு மாதிரி வறண்டு கிடக்கும். தப்பித் தவறிக் கடித்தால் வாயெல்லாம் மகரந்தத் தூளும் குளவியும். இப்படி ஒரு சொத்தைத் தலையில் கட்டிவிட்டு, "நீ கொடுத்துவைத்தவன்" என்று ஊரே சொன்னால் மனுஷனுக்கு எரியுமா எரியாதா? பெலாயிதுக்கு இருபது வருஷமாக எரிந்துகொண்டிருந்தது.

கடலுக்கும் பாலைவனத்துக்கும் நடுவே நிற்கும் எங்கள் கபீலிய மலையில் பாகப் பிரிவினை ஒரு தினுசு. நிலம் தம்பிக்குப் போகும், அதில் நிற்கும் மரம் அண்ணனுக்குப் போகும். யாரும் அதை விநோதமாக நினைப்பதில்லை. பெலாயிதின் அப்பா செத்தபோது பெலாயிது பாலைவனத்தில் எண்ணெய்க் கிணற்று லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். செய்தி கிடைத்து, விடுப்பு வாங்கி, மூன்று பஸ் மாறி தாலா ஊஷென் கிராமத்துக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் பிரித்து முடித்துவிட்டார்கள். ஓடைக்கரை நிலமும் அதிலிருந்த வீடும் அவனுக்கு. ஓடையோரத்து ஆண் அத்திகளும் அவனுக்கே. வீட்டு வாசலுக்கு நேராக நின்ற ஒரே ஒரு பெண் அத்தி, தகானிம்த் ரகம், நீளக் காம்பும் வெளிர் பச்சைத் தோலும் தேன் சொட்டும் சதையுமாக ஊரிலேயே பேர்பெற்ற மரம், அது அண்ணன் ஊவாலிக்கு.

ஊவாலி ஊரில்கூட இல்லை. மலைக்குக் கீழே டவுனில் இரும்புக்கடை வைத்து நன்றாக இருந்தான். செப்டம்பர் வந்தால் பெண்டாட்டி பிள்ளைகளோடு காரில் ஏறி வருவான், கூடை கூடையாகப் பறிப்பான், போவான். மற்ற பதினொரு மாதமும் அந்த மரத்தோடு குடித்தனம் நடத்தியவன் பெலாயிதுதான். அதன் இலையைப் பெருக்கியவன் அவன். கிளை ஒடிந்தால் வடிகிற பால் பட்டுக் கை அரித்தது அவனுக்கு. அதன் வேர் அவனுடைய அவரைப் பாத்தியின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சியது. பழுத்துக் கீழே விழுந்ததை மொய்க்க வந்த மஞ்சள் குளவி கொட்டியதும் அவனைத்தான். ஆனால் ஒரு பழம் பறிக்க உரிமை கிடையாது. தொட்டால் ஊர்ச்சபை அபராதம் போடும்.

இந்த இடத்தில் அத்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பெலாயிது செய்த காரியம் புரியாது. அபூர்வமான விஷயத்துக்கு 'அத்தி பூத்தாற்போல' என்கிறோம். அத்தி பூக்காமல் எப்படிக் காய்க்கும்? நாம் பழம் என்று தின்பதே பூக்களை உள்ளே வைத்துத் தைத்த பைதான். நூற்றுக்கணக்கான பூக்கள் உட்பக்கம் பார்த்தபடி இருக்கும். வெளியே அடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு கண் மட்டும். அந்தக் கண் வழியாக உள்ளே போக ஒரே ஒரு பூச்சியால்தான் முடியும், எள்ளைவிடச் சின்னக் குளவி. அது பிறப்பது ஆண் அத்தியின் காயில். ஆண் மரம் வருஷத்துக்கு மூன்று முறை காய்க்கும். குளிர்காலத்துக் காயில் குளவி தூங்கும். ஜூன் மாதத்துக் காயில் மகரந்தமும் குளவியும் ஒன்றாக முதிரும். வெயில் ஏறியதும் பெண் குளவி உடம்பெல்லாம் தூளோடு வெளியே வந்து, முட்டையிட இன்னொரு காயைத் தேடிப் பறக்கும். ஆண் காயில் நுழைந்தால் அதற்கு வாழ்வு. பெண் காயில் நுழைந்தால் தொலைந்தது. நுழையும்போதே இறக்கை பிய்ந்துவிடும். உள்ளே பூவின் தண்டு நீளம், இதன் ஊசி எட்டாது. முட்டை வைக்க முடியாமல் அலைந்து, தூளையெல்லாம் பூக்களில் தடவிவிட்டு அங்கேயே சாகும். அந்தப் பாவப்பட்ட ஜீவன் ஏமாந்தால்தான் நமக்குப் பழம். அது வராத காய் ஜூலையில் மஞ்சளித்துப் பொத்துப் பொத்தென்று உதிர்ந்துவிடும்.

குளவியின் தயவு வேண்டாத ரகமும் உண்டு. பக்கூர் என்போம், ஜூனிலேயே தானாகப் பழுக்கும். ஆனால் வெறும் தண்ணீர், உலர்த்த முடியாது. குளிர்காலத்தில் பனி கொட்டும்போது ஆலிவ் எண்ணெயில் தோய்த்துத் தின்கிற உலர்ந்த அத்திக்குத் தகானிம்த்தான் வேண்டும், தகானிம்துக்குக் குளவி வேண்டும். அதனால் ஜூன் வந்தால் எங்கள் ஆட்கள் விடியுமுன் எழுந்து, வெயில் பட்டுக் குளவி கிளம்புவதற்குள் ஆண் காயைப் பறித்து, நாலைந்தாகப் புல்லில் கோத்து, பெண் மரத்துக் கிளையில் மாலை மாதிரித் தொங்கவிடுவார்கள். இதில் எங்கள் மலையில் இன்னொரு சம்பிரதாயம்: ஆண் காயை விற்கக் கூடாது. கேட்டு வந்தவருக்கு இல்லை என்று சொல்லவும் கூடாது. அண்டை வீட்டுக்கு அடுப்பு மூட்ட நெருப்புக் கொடுப்பது மாதிரி.

முன்பெல்லாம் ஊரில் எல்லாருடைய வரப்பிலும் ஒன்றிரண்டு ஆண் மரம் இருந்தது. மூன்று வருஷம் முன்பு வந்த காட்டுத் தீயில் வீட்டோரத்துப் பெண் மரங்கள் தப்பின, வரப்பு மரமெல்லாம் கருகிவிட்டது. ஓடையின் ஈரத்தால் தப்பியவை பெலாயிதின் ஐந்தும்தான். அதற்குப் பிறகு ஜூன் மாதம் அவன் வேலிப் படலைத் தட்டாத வீடு ஊரில் இல்லை. வந்தார்கள், பறித்தார்கள், கைகுலுக்கினார்கள். செப்டம்பரில் எவன் வீட்டிலிருந்தாவது ஒரு தட்டு பழம் வந்தால் உண்டு, மறந்துவிட்டால் இல்லை. பாதிப் பேர் மறந்துவிட்டார்கள்.

போன செப்டம்பரில்தான் விஷயம் முற்றியது. ஊவாலியின் மருமகன் காரைக் கொண்டுவந்து அவரைப் பாத்தியில் நிறுத்தினான். பெலாயிது பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணனிடம் போய், அந்த மரத்தைத் தனக்கு விட்டுக்கொடுக்கும்படி கேட்டான். பதிலுக்கு மேட்டு நிலத்து ஆலிவ் மூன்று மரம் தருவதாகச் சொன்னான். நல்ல பேரம்தான். அங்கே பத்துப் பேர் நின்றிருந்தார்கள்.

ஊவாலி வாயில் பழத்தோடு சிரித்தான். "அப்பா எனக்குன்னு நட்ட மரம்டா இது, அதைப் போய்க் கேக்கிறியே. உனக்கென்ன குறை? ஊர்ப் பொண்ணுங்களுக்கெல்லாம் அஞ்சு மாப்பிள்ளைய வச்சிருக்கே."

பத்துப் பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து பெலாயிதுக்கு 'மாப்பிள்ளை வீட்டுக்காரர்' என்று பேர். காப்பிக்கடையில் நுழைந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு, "மாப்பிள்ளை வீட்டுக்காரர் வந்துட்டார், மரியாதை பண்ணுங்க" என்பார்கள். குளிர்காலம் முழுக்க அவன் அந்தச் சிரிப்பை மென்று மென்று விழுங்கினான். அந்த மரம் தன் பேருக்கு வராமல் இனி ஒரு ஜூனைக் கடப்பதில்லை என்று முடிவு கட்டினான்.

ஜூனில் காய் முதிர்ந்ததும் டவுனுக்குப் போய் ஒரு பெரிய பூட்டு வாங்கினான். அண்ணன் கடையில் வாங்கவில்லை. ஓடை நிலத்துப் படலுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டி, உள்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். விடியலில் கூடையோடு வந்தவர்களிடம், ஊவாலி அந்த மரத்தைத் தன் பேருக்கு விடும்வரை ஒரு காய்கூட வெளியே போகாது என்று சொல்லிவிட்டான். முதலில் விளையாட்டு என்று நினைத்தார்கள். இரண்டாம் நாள் கெஞ்சினார்கள். மூன்றாம் நாள் திட்டினார்கள். பின்னே, திட்ட மாட்டார்களா? சந்தையில் வருகிற ஆண் காய் சமவெளியிலிருந்து வருவது. அதில் குளவி எப்போதோ பறந்து போயிருந்தது. மேல்மலை ஊர்களிலோ காய் இன்னும் கல்லாக இருந்தது. அந்த ஒரு வாரம் போனால் போனதுதான்.

ஊர்த்தலைவர் ஹெம்மூ நிதானமான மனிதர். ஊவாலிக்குப் போன் போட்டு எடுத்துச் சொன்னார். ஊவாலி, தனக்கு இந்த வருஷம் அத்தி வேண்டாம், சந்தையில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். இதைக் கேட்டாவது பெலாயிதுக்கு உறைத்திருக்க வேண்டும். அடி விழ வேண்டியவன் முதுகில் விழவில்லையே என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். அவன்தான் வீம்புக்குப் பிறந்தவனாயிற்றே. நாற்காலியை இன்னும் படலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

அவன் மனைவி அல்ஜியா வாயாடிக்கொண்டிருக்கவில்லை. அவர்கள் மகள் ஜூஹர் அதே ஊரில் கீழ்த்தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தீயில் அவள் புகுந்த வீட்டுத் தோப்பு சாம்பலாகி, இரண்டே இரண்டு அத்தி வேரிலிருந்து மறுபடி துளிர்த்தது. ஜூஹர் குடம் குடமாகச் சுமந்து ஊற்றி அவற்றை ஆளாக்கினாள். இந்த வருஷம்தான் முதல் காய். அல்ஜியா விடியலில் நாலு சரம் கோத்து மாவு பிசையும் தட்டின் அடியில் ஒளித்து வைத்திருந்ததை பெலாயிது பார்த்துவிட்டான். உருவி ஆட்டுக்குப் போட்டான். மகளுக்குக் கொடுத்தால் ஊருக்கும் கொடுக்க வேண்டும், தனக்கு வாய் ஒன்றுதான், பேச்சும் ஒன்றுதான் என்றான்.

"வாயாவது ஒண்ணு இருக்கு" என்றாள் அல்ஜியா. "மூளை அதுவும் இல்ல."

மறுநாள் ஜூஹரே வந்தாள். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு படலுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"அப்பா, ரெண்டே ரெண்டு சரம் போதும்."

"உன் பெரியப்பனைப் போய்க் கேளு."

"பெரியப்பாவா எனக்கு அப்பா?"

பெலாயிது காப்பிக் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு மட்டும் ஒரு காயை நீட்டினாலும் ஊர் சிரிக்கும், அண்ணன் சிரிப்பான், போன செப்டம்பர் மாதிரியே எல்லாரும் சிரிப்பார்கள் என்று அவனுக்குப் பட்டது. ஜூஹர் சங்கிலியை விட்டுவிட்டுப் போய்விட்டாள். காப்பி ஆறிவிட்டது, அவனால் குடிக்க முடியவில்லை.

அந்த வாரம் முழுக்க, வெயில் ஏறினால் ஓடை நிலத்தில் காற்றே புகை மாதிரி ஆடும். பறிக்காத காய்களிலிருந்து குளவி ஆயிரம் பதினாயிரமாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. கடல் காற்று அதைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டு வாசல் பக்கமாகவே போயிற்று. அவன் நாற்காலியில் உட்கார்ந்து அதைத் துண்டால் விசிறி விட்டுக்கொண்டிருந்தான். சின்ன வயதிலிருந்து அத்தியோடு கிடந்தவன், குளவி பறக்கும் என்பது தெரியாதவனா? கோபம் வந்தால் தெரிந்ததுகூட மறந்துபோகிறது, என்ன செய்ய.

ஜூலை பிறந்தது. ஊரில் அத்திகள் உதிர ஆரம்பித்தன. காலையில் தெருவெல்லாம் பச்சைக் காய் உருண்டு கிடக்கும். பெண்கள் பெருக்கித் தள்ளினார்கள். பெலாயிது போனால் பெருக்குவதை நிறுத்திவிட்டு, அவன் கடந்த பிறகு மறுபடி பெருக்கினார்கள். ஜூஹருடைய இரண்டு மரமும் அடியோடு கொட்டிவிட்டது என்று அல்ஜியா வந்து சொன்னாள். சொல்லிவிட்டு அன்றைக்கு அவனுக்குச் சோறு போடவில்லை.

அவன் வாசலில் நின்ற ஊவாலியின் மரத்தில் ஒரு காய் உதிரவில்லை.

பெலாயிது முதல் வாரம் காத்திருந்தான். இரண்டாம் வாரம் கிளையைக் குலுக்கிப் பார்த்தான். காய் கல் மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தது, நாளுக்கு நாள் பருத்தது. ஒன்றிரண்டு, குளவி அளவுக்கு மீறி நுழைந்ததால், உப்பி வெடித்தது. மற்றதெல்லாம் இலைக்கு ஒன்று என்று, கிளை தரையைத் தொடும் அளவுக்கு நின்றது. ஐந்து ஆண் மரத்துத் தூளும் ஊருக்குப் போகாமல் இந்த ஒரே மரத்தில் வந்து இறங்கியிருந்தது. பார்க்கப் பார்க்க அவனுக்கு வயிறு எரிந்தது.

"கேட்டைப் பூட்டினே" என்றாள் அல்ஜியா. "ஆகாசத்தையும் பூட்டினியா?"

ஆகஸ்டில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினான். அத்தி வேர் ஓடை ஊற்று வரைக்கும் ஓடிய வேர், அதற்கு இவன் குடம் எந்த மூலைக்கு? மரம் கொஞ்சமும் வாடவில்லை. அவரைதான் காய்ந்தது.

எங்கள் ஊரில் அத்தி பழுக்கும் சமயத்தில் ஊர்ச்சபை கூடி ஒரு தடை போடும். நாள் குறிக்கும்வரை தன் மரத்துப் பழத்தைத் தானே பறிக்கக் கூடாது, விழுந்ததைக்கூடத் தொடக் கூடாது. அரைப்பழத்தில் கை வைத்தால் எல்லாருக்கும் கெட்டுவிடும் என்பதற்காக. அந்த வருஷமும் சபை கூடியது. ஊர் ஆண்கள் எல்லாரும் கல் பெஞ்சுகளில் உட்கார்ந்து ஒரே ஒரு மரத்தைப் பற்றிப் பேசினார்கள். பெலாயிதும் மூலையில் உட்கார்ந்திருந்தான். வராமல் இருந்தால் அதற்கும் அபராதம்.

ஊவாலி டவுனிலிருந்து வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். எழுந்து நின்று, இந்த வருஷம் ஊரே வெறுங்கையாக இருக்கும்போது தான் மட்டும் எப்படிக் கூடை நிரப்பிக்கொண்டு போவது என்றும், முழு மரத்தையும் ஊருக்கு விட்டுவிடுவதாகவும் சொன்னான். சபையில் ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள்! கிழவர்கள் கண் கலங்கினார்கள். பேரும் புகழும் எப்படியெல்லாம் ஒருவன் மடியில் வந்து விழுகிறது! ஒரு வருஷமும் ஒரு செம்பு தண்ணீர் அந்த மரத்துக்கு ஊற்றாதவன் அன்றைக்கு தர்மப் பிரபு ஆனான்.

ஹெம்மூ பங்கை அறிவித்தார். காய் உதிர்ந்த ஒவ்வொரு வீட்டுக்கும் சம பங்கு. காய் உதிரக் காரணமான வீட்டுக்குப் பங்கு இல்லை. பறிக்கும் நாள் வரைக்கும் பறவை, பையன்கள் கிட்டே வராமல் பெலாயிது காவல் காக்க வேண்டும்.

பெலாயிது எழுந்தான். "நான் எதுக்குக் காக்கணும்? மரம் அவனோடது."

"நிலம் உன்னோடது" என்றார் ஹெம்மூ. "பூட்டும் சாவியும்கூட உன்கிட்டதானே இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவனுக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

அதே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அண்ணன் மரத்தடியில் போட்டான். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை தகரம் தட்டி மாங்குயில் ஓட்டினான். மஞ்சள் குளவியிடம் கொட்டு வாங்கினான். தலைக்கு மேலே பழம் பழுத்துத் தோல் விரிந்து, அடிக்கண்ணில் தேன் துளி கட்டி நின்றது. வாசனை வீட்டுக்குள் படுக்கை வரைக்கும் வந்தது. கை நீட்டினால் எட்டும். எட்டிப் பறித்திருந்தால் யாருக்கும் தெரியாது. அவன் பறிக்கவில்லை. கள்ளத்தனமாகத் தின்பதற்கா இத்தனை பாடு பட்டேன் என்று மரத்தைப் பார்த்து முணுமுணுப்பான், தகரத்தை ஓங்கித் தட்டுவான். அல்ஜியா காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

பறிக்கும் நாள் வந்தது. ஊர் முழுக்க அவன் வாசலில் நின்றது. ஊவாலியின் பெண்டாட்டி ஏணியில் ஏறிப் பறித்துக் கொடுக்க, ஹெம்மூ வீடு வீடாகப் பேர் கூப்பிட்டார். வாங்கியவர்கள் ஊவாலியை வாழ்த்தினார்கள், அவன் பிள்ளைகளை வாழ்த்தினார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனைத் தாண்டித்தான் எல்லாரும் போனார்கள். கீழ்த்தெருப் பேர் கடைசியாக வந்தது. ஜூஹர் தலைத்துணியின் முனையை விரித்துத் தன் பங்கை வாங்கிக்கொண்டாள். ஒரு குழந்தை ஒரே வேளையில் தின்று முடிக்கும் அளவுதான்.

அவள் நேராக அப்பாவிடம் வந்து ஒரு பழத்தை எடுத்து நீட்டினாள்.

"எனக்குப் பங்கு இல்ல" என்றான் பெலாயிது.

"தெரியும். இது என் பங்கு."

"வேண்டாம், நீ கொண்டு போ. அடுத்த ஜூன்ல முதல் சரம் உனக்குத்தான், நானே வந்து கட்டுறேன்."

"அடுத்த ஜூன்ல கட்டு. இப்ப இதைத் தின்னு."

கையை இறக்காமல் நின்றாள். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது, அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தான். பெலாயிது வாங்கி, தோலோடு கடித்தான். விதைகள் பல்லில் நறநறவென்று உடைந்தன, நாக்கில் தேன் இறங்கியது. அந்த மரம் இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பழம் பழுத்ததே இல்லை என்று முதல் கடியிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் கோபம் வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் பழத்தோடு சேர்த்து விழுங்கினான்.

ஜூஹர் அவன் தின்று முடிக்கும்வரை நின்று பார்த்தாள். பிறகு தலைத்துணி முனையை முடிந்துகொண்டு கீழ்த்தெருவுக்கு இறங்கிப் போனாள்.